ஊருணிக்கு மேட்டில் எருக்குழி

பிற்பகல் மழை வலுக்கிறது. கண்ணாத்தாள் தன் எருக்குழியின் கரையில் மண்ணை வெட்டி வெட்டிப் போடுகிறாள். போட்ட மண் கரைந்துகொண்டே இருக்கிறது. நாலு எருமைகளின் சாணமும் மூத்திரமும் கலந்த பழுப்புத் தண்ணீர் குழியில் தளும்பி, ஊரே குடிக்கும் ஊருணிக்குப் போகிற வரத்துக்காலைத் தேடி நெளிகிறது. வரத்துக்கால் ஓரத்தில் ஊருணிக் காவல்காரர் சேக் பரீது குடையோடு நிற்கிறார். “போன மழைக்கே ஊர்ல சொல்லியாச்சு. இன்னொரு தடவை இந்தத் தண்ணி ஊருணில எறங்குச்சுன்னா ஒன் எருமைக ஊருக்குள்ள இருக்காது, பாத்துக்க.” “குடையப் புடிச்சுக்கிட்டு நல்லாத்தான் சொல்றீக. அந்தக் கையில ஒரு மம்பட்டியப் புடிச்சா கொறஞ்சா போயிருவீக?” அவர் சிரிக்கவில்லை. கரை ஓரிடத்தில் பொத்துக்கொள்கிறது. அவள் மண்வெட்டியை எறிந்துவிட்டுத் தொழுவத்துக்குள் போய், எருமைகளுக்கென்று மிச்சமிருந்த வைக்கோலை மொத்தமாக அள்ளி வருகிறாள். எருமைகள் கழுத்தை நீட்டிக் கத்துகின்றன. உடைப்பில் திணித்து, ஏறி நின்று மிதிக்கிறாள். வைக்கோல் ஊறிக் கறுக்கிறது. இனி அது எருவுக்குத்தான் ஆகும். கசிவு மெலிந்து நிற்கிறது. பரீது படியிறங்கி ஊருணித் தண்ணீரை ஒரு கை அள்ளுகிறார், முகர்கிறார், குடிக்கிறார். அவர் தொண்டை ஏறி இறங்குவதையே அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் எருமைகள் இன்னும் கத்துகின்றன.