உறுமல்

"இன்னுமா முடியல?" மனைவி பதறினாள். "ரெண்டு நாளா கீழ்வீட்டுக்காரர் கண்ணெல்லாம் செவந்து முறைக்கிறார். இந்தப் பாழாப்போன சப்-ஊஃபர் உறுமலுக்கு நம்மளைக் காலி பண்ண வெச்சுடுவார் போல!"

"இதோ ஆச்சும்மா."

இரண்டு நாளாகப் பிரித்துப் போட்டிருந்த ஆம்ப்ளிஃபையரிலிருந்து, உறுமலுக்குக் காரணமான பழைய கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் எறிந்தான் கணவன். பெரிய புதியவற்றைப் பற்றவைத்து சுவிட்சைப் போட்டான். மூச்சுச் சத்தம்கூட இல்லை!

கதவு தடதடத்தது.

கீழ்வீட்டுக்காரர்தான். தோளில் வீறிட்டு அழும் கைக்குழந்தை.

"சார், உறுமல் இனி ஜென்மத்துக்கும் வராது!" என்று முந்திக்கொண்டான்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ... பொறந்ததுலேர்ந்து பாப்பா அதைக் கேட்டுத்தான் சார் தூங்குவா. ரெண்டு நாளா வீட்டுல ஒருத்தரும் கண்ணை மூடல!"

மனைவி ஓடிப்போய்க் குப்பைக்கூடையைக் கொண்டுவந்தாள்.