காதுக்குள் இரைச்சல்

உயிரைக் காப்பாற்றிய டாக்டர் மேலேயே சைனப் புகார் கொடுத்துவிட்டாள் என்று தாராவியில் அந்தத் தெரு முழுக்கப் பேச்சு.

தோல் வெட்டும் கத்தி காலில் பட்டு, புண் சீழ் வைத்து, நினைவே இல்லாமல்தான் அவள் புருஷன் கரீம் பாட்சாவை சயான் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் வேங்கடசுப்ரமணியன் இருபது நாள் ஊசி போட்டார். மனுஷன் நடந்தே வீடு திரும்பினார்.

ஆனால் மகள் அஃப்ஷா பக்கத்தில் நின்று கத்திக் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்கவில்லை. அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்கும் என்பதைப் பிறகு வேறு ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள்.

"வாபஸ் வாங்கிருங்க மைனி," என்றான் கொழுந்தன் முகைதீன். "அவரு இல்லன்னா அண்ணன் இன்னைக்கு இல்ல."

"உசுர மீட்டுத் தந்தாரு, இல்லங்கல. காதுக்குள்ள இரையுதுன்னு ரெண்டு தடவ போய்ச் சொன்னேனே, ஏன் நிறுத்தல? அதைக் கேட்டுட்டுத்தான் வருவேன்."

புகாரை விசாரிக்கும் மருத்துவக் குழு முன்னால் தனியாகவே போனாள்.

அப்படி யாரும் சொன்னதாகக் கேஸ் ஷீட்டில் ஒரு வரிகூட இல்லை என்றார் ஆஸ்பத்திரி வக்கீல். அத்தாட்சி ஏதாவது இருக்கிறதா என்று குழுத் தலைவர் கேட்டார். அவளிடம் ஒன்றுமில்லை. இருந்தாலும் எந்தெந்த நாள், பக்கத்தில் எந்த நர்ஸ், டாக்டர் என்ன பதில் சொன்னார் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் விடாமல் சொன்னாள்.

எதிரே டாக்டர் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் முடித்ததும் அவர் எழுந்தார். வக்கீல் கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"கேஸ் ஷீட்லேர்ந்து எடுத்துடுங்கன்னு ஆஸ்பத்திரில என்கிட்ட சொன்ன பக்கம் இது. இந்தம்மா சொன்னதை எழுதினது நான்தான். எழுதிட்டு, ஊசியைத் தொடரச் சொன்னதும் நான்தான்."

இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று தலைவர் கேட்டார்.

டாக்டர் சைனப்பைப் பார்த்தார்.

"இவங்க புருஷனுக்கு முன்னாடி மூணு பேருக்கு என்னால காது போச்சு சார். அந்த மூணு பேரும் ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க."