ரொம்பத் திருப்தி

“எல்லாத்துக்கும் ‘ரொம்பத் திருப்தி’ன்னே போட்டுக்கம்மா. இருபத்திரண்டு கேள்வியையும் படிச்சு எதுக்குத் தொண்டை வத்தணும்?” என்றார் படகுக்காரர்.

ஊரில் அவரைப் படகுக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். படகு அவர் கையை விட்டுப் போய் ஐந்து வருடம் ஆகிறது. இப்போது ஏரிக்கரை விடுதியில் பாதை கூட்டுகிறார். அவர் மனைவி அதே விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறாள். முன்னறை முழுக்கக் கொடி கட்டி, ஈர விரிப்புகள் தொங்கின. அவற்றுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள் மதிப்பீட்டுக்காரி.

பறவை ஏரிச் சுற்றுலாவில் உள்ளூர் மக்களின் பங்கு எவ்வளவு என்று அளந்து எழுதுவது அவள் வேலை. ஏரியை நம்பியிருந்த குடும்பங்கள் மொத்தம் பதினொன்று. காலையிலிருந்து ஏறி இறங்கிய பத்து வீட்டிலும் இதே பதில்தான் கிடைத்தது. இதுதான் கடைசி வீடு.

“கேட்டுத்தான் எழுதணுங்க. ஒவ்வொரு தாள்லயும் உங்க கையெழுத்தும் வேணும், புது விதி,” என்றாள். “முதல் கேள்வி. எத்தனை பேரை உள்ளே விடலாம், எந்த மாசம் ஏரியை மூடலாம், இதையெல்லாம் உங்களைக் கலந்துதான் முடிவு பண்றாங்களா?”

“கலக்காம? கேட்டுல போர்டு எழுதி மாட்டிடுவாங்க. நாங்க நின்னு படிச்சுக்குவோம்.”

“அது கலந்து பேசறது இல்லைங்களே.”

“எனக்கு அதுவே போதும்மா. ரொம்பத் திருப்தி.”

விரிப்புக்குப் பின்னாலிருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம் வந்தது. “இவர் எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கறதுக்குள்ள மூடின ஏரியைத் திறந்துடுவாங்க!”

“நீ பிழி, பேசாதே,” என்றார் அவர்.

“சரி, அடுத்தது. வழிகாட்டி வேலையில உள்ளூர்க்காரங்களுக்கு முன்னுரிமை இருக்கா?”

“இல்லாம என்ன? வெளியூர்லேர்ந்து வந்த வழிகாட்டித் தம்பி, நாரை எங்கே கூடு கட்டியிருக்குன்னு தினம் காலையில என்கிட்டதான் முதல்ல கேக்கறார். அப்புறம்தான் சுத்திப் பார்க்க வந்தவங்ககிட்ட போய்ச் சொல்றார்.”

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. மதிப்பீட்டுக்காரிக்குக் காது மடல் சுட்டது. கேள்வித்தாளைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது, எதிரில் இருந்தவரைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது. பேனாவை மூடி மடியில் வைத்தாள்.

“ஐயா, இதை நான் சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்றேன். இந்தத் தடவை மதிப்பெண் பாதிக்குக் கீழே போச்சுன்னா, படகு விடற உரிமம் விடுதி கையை விட்டு உங்க படகுக்காரங்க சங்கத்துக்கே வந்துடும். மறுபடி நீங்களே துடுப்புப் பிடிக்கலாம். உள்ளதை மட்டும் சொல்லுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்.”

படகுக்காரர் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தார். அங்கே விடுதியின் மோட்டார் படகு ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஒரு விநாடி அவர் உதடு அசைந்தது. மதிப்பீட்டுக்காரி பேனாவைத் திறந்தாள்.

“ரொம்பத் திருப்தி,” என்றார்.

“விடுதி மேனேஜர் மிரட்டி வச்சிருக்காரா?”

“அவரா? நாங்க இருக்கறதே அவருக்குத் தெரியாதும்மா. பாதை தானாச் சுத்தமாகுதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்.”

“அப்புறம் ஏன் ஊரே ஒரே பாட்டைப் பாடுது?” அவளையும் மீறிக் குரல் உயர்ந்தது. “போன மதிப்பீட்டுல தொண்ணூற்றாறு மார்க்கு! அதைக் காட்டித்தான் உங்க படகைப் பறிச்சாங்க. அப்படி எழுதினவளுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருந்திருக்குமா?”

விரிப்பை விலக்கிக்கொண்டு மனைவி வெளியே வந்தாள். “சும்மா யாரையும் திட்டாதேம்மா. சின்னப் பொண்ணு, புதுசா வேலைக்குச் சேர்ந்தது. மேல இருக்கறவங்க என்ன சொல்லி அனுப்பினாங்களோ!”

“அவங்க சொன்னா எழுதிடறதா, அக்கா?”

 பிழிந்த விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மீதி இருபது கேள்விகளையும் அவள் வரிசை தவறாமல் படித்தாள். இருபதுக்கும் ‘ரொம்பத் திருப்தி’ என்ற ஐந்தாவது கட்டத்தில்தான் டிக் விழுந்தது. படகுக்காரர் நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு தாளிலும் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அவள் தாள்களை அடுக்கினாள். பதினொரு வீடும் முடிந்தது. இனி இன்னும் ஐந்து வருடத்துக்குப் படகு உரிமம் விடுதிக்குத்தான்.

“வரேங்க,” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வாசல்வரை கூடவே வந்த மனைவி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் தோளைத் தொட்டாள்.

“மனசைப் போட்டுக் குழப்பிக்காதேம்மா. நேத்து நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எங்களுக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு. போன தடவை நாங்க பதினொரு வீடும் உள்ளதைச் சொல்லி, அத்தனையையும் நீ ஒருத்தியா உட்கார்ந்து மாத்தி எழுத வேண்டியதாப் போச்சு. எப்படியும் அதைத்தானே எழுதப் போறே, அந்தப் பொய் உன் தலையில வேணாம்னுதான் இந்தத் தடவை நாங்களே சொல்லிட்டோம்.”