காலில் ஒட்டாத மண்

மலை சுற்றிவிட்டு வந்த அப்பாதுரையின் காலில் தனம் சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் தெளிவாகவே ஓடியது.

பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்த மனுஷன். உள்ளங்காலில் ஒரு பொட்டு மண் இல்லை.

"இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தியாங்க?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ம்."

"அடி அண்ணாமலையில உக்காந்து வந்தீங்களா?"

"ம். சோறு போடு."

முப்பத்தொரு வருஷமாகப் பேச்சு இந்த அளவுதான். கரண்ட் ஆபீசிலிருந்து ரிட்டையர் ஆன பிறகு அதுவும் கம்மி. அவர் கடைசியாக நீளமாகப் பேசியது நாலு வருஷத்துக்கு முன்னால். மகள் அன்புச்செல்வி தானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு வேங்கிக்காலுக்குக் குடிபோன அன்றைக்கு.

"அவ பேர இந்த வீட்டுல எடுக்கக் கூடாது. நீ அவளப் பாக்கப் போனேன்னு தெரிஞ்சுது, அப்படியே அங்கயே இருந்துக்க."

மறுநாள் காலையில், எதிர்வீட்டு ஆட்டோக்காரன் இருசப்பன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அக்கா, தப்பா நெனைக்காத. மூணு செவ்வாயா மாமாவ வேங்கிக்கால்ல நான்தான் எறக்கி வுடறேன்."

"மலை சுத்தப் போறேன்னாரே?"

"அங்க குடும்ப ஆலோசனை மையம்னு ஒரு போர்டு மாட்டிக்கீது. எழிலரசின்னு ஒரு பொண்ணு இருக்குது. ஒரு மணி நேரம் கதவ சாத்திக்கினு பேச்சு."

"அந்தப் பொண்ணு பேசுதா?"

"மாமாதான் பேசறாரு. ஆட்டோ வரைக்கும் கேக்குது."

"யாரு, இவரா? ஒரு மணி நேரமா?"

அந்தப் பெண் சின்ன வயசா, அழகா என்றுகூடத் தனம் கேட்கவில்லை. ஒரு மணி நேரப் பேச்சு! அத்தனை பேச்சு இந்த மனுஷனுக்குள் இருந்ததா? சட்டியிலிருந்து எனக்கு ஒரு கரண்டிகூட விழாமல், எவளோ ஒருத்தி உட்கார்ந்து வழித்து வழித்துச் சாப்பிடுகிறாளா?

"உனக்கா அக்கா இந்த சோதனை?" என்றான் இருசப்பன். "வெள்ளிக்கிழமை தவறாம அம்மன் சன்னதிக்குப் போறவ நீ."

தனம் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த செவ்வாய். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றி நிறைய விபூதி. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, "மலை சுத்திட்டு வரேன்" என்றார்.

"நல்லா சுத்துங்க."

கொஞ்ச நேரம் பொறுத்து அவளும் டவுன் பஸ் ஏறினாள். 'அண்ணாமலையாரே, சாமி பேரச் சொல்லிட்டு வேற எங்கயோ போறவங்களுக்கு நீதாம்பா கூலி குடுக்கணும்' என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டாள். வேங்கிக்காலில் இறங்கி எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மையத்தின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவர் குரல்.

"கோவமாத்தான் இருப்பே. உன் பக்கம் நியாயம் இருக்குது. எழுந்து மட்டும் போயிடாத கண்ணு. நான் சொல்லி முடிச்சிடறேன்."

கண்ணு!

தாலி ஏறிய நாளிலிருந்து அவர் வாயால் அந்தச் சொல் அவள் காதில் விழுந்ததில்லை.

தனம் கதவைத் தள்ளினாள். "எவ அவ? எங்க, காட்டுங்க பாப்போம்!"

எழிலரசி ஓரமாக ஒரு ஸ்டூலில், மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். அப்பாதுரைக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் யாரும் இல்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தனம் அந்தப் பெண்ணிடம் திரும்பினாள்.

"நீயாச்சும் சொல்லும்மா. இவரு இங்க வந்து யார்கிட்ட பேசறாரு?"

"இங்க பேசறத நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதும்மா. வீட்டுக்காரம்மா கேட்டாலும் அப்படித்தான்." எழிலரசி அவரைப் பார்த்தாள். "ஐயா, சொல்லலாமா?"

அவர் தலையசைத்தார்.

"சிலருக்கு மனசுல இருக்கும், நேர்ல பாத்தா வாய் வராது. அவங்கள, அந்த ஆளு எதிர்ல உக்காந்திருக்கிறதா நெனச்சிக்கிட்டு வெறும் நாற்காலிகிட்ட சொல்லச் சொல்லுவோம். எங்க படிப்புல அப்படி ஒரு முறை இருக்கும்மா. நாலு வாட்டி நாற்காலிகிட்ட சொல்லிட்டா, அஞ்சாவது வாட்டி ஆளுகிட்டயே சொல்ல தைரியம் வந்துடும்."

"அதான் கேக்கறேன். அந்த நாற்காலியில உக்காந்திருக்கிறவ யாரு?"

"நீதான்" என்றார் அப்பாதுரை.

தனம் அவர் பக்கம் திரும்பினாள்.

"பிரஷருக்கு மாத்திரை குடுத்த டாக்டர்தான் இங்க அனுப்பிச்சாரு. மலை சுத்தறேன்னு உன்கிட்ட பொய் சொன்னேன். நாலு வருஷமா பொண்ணு மூஞ்சியப் பாக்க வுடாம உன்ன வச்சிருந்தேனே தனம், அது தப்பு. போயி அவள கூட்டிக்கினு வான்னு சொல்லணும். வூட்டுல உன்னப் பாத்தா தொண்ட அடைச்சிக்குது." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் பேச்ச நீ ஒரு நாள் மீறினதில்ல. அதான் எனக்கு ரொம்பக் குத்துது."

தனம் முந்தானையைப் பிசைந்தாள். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள். அப்புறம் எழிலரசியிடம் போய், குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இவர கொஞ்சம் வெளிய உக்கார வையி கண்ணு. வெள்ளிக்கிழமையானா கோயிலுக்குன்னு சொல்லிட்டு இந்த நாலு வருஷமும் நான் யாரு வூட்டுக்குப் போயிட்டு வரேன்னு, மொதல்ல இந்த நாற்காலிகிட்ட சொல்லிப் பாக்கறேன்."