வேலைக்குப் போகிற சட்டை

திருவொற்றியூர் கோணிக் கம்பெனியின் ஆபீஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள் வேம்பு. உள்ளே, புதிதாக வந்த மேஸ்திரி வேதமாணிக்கம்.

“எம் புருசனுக்கு ஒரு வேலை குடுங்க மேஸ்திரி. கோணி நல்லா தைப்பாரு.”

“நீதான் இங்கே தைக்கிறியே, போதாதா?”

“வயித்துக்குப் போதும். ஆனா சங்கு ஊதுனா அவரும் சட்டைய மாட்டிகினு வாசல்ல குந்திக்கிறாரு. ஆம்பளைங்க பேசிகினு வேலைக்குப் போறத தெருக்கோடி வரைக்கும் பாத்துகினே கீறாரு. அப்பால சட்டைய கழட்டி மடிச்சு வெச்சிடுறாரு.”

“அவ்வளவு ஆசை இருக்கிறவன் பொண்டாட்டியை ஏன் தூது அனுப்புறான்? அவனே வந்து கேட்கட்டும்.”

“வந்துகீறாரு மேஸ்திரி.”

வேதமாணிக்கம் எட்டிப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே, சக்கரம் வைத்த பலகையில், சலவைச் சட்டையோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். இரண்டு கால்களும் இல்லை.

அவர் வெளியே வந்து அவன் எதிரே குந்தினார்.

“பேரென்ன?”

வழக்கம்போல் பதில் சொல்ல வாயெடுத்தாள் வேம்பு. மேஸ்திரி அவனையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

“சுப்பராயன், மேஸ்திரி. முன்னே ஹார்பர்ல மூட்டை தூக்கினு இருந்தேன்.”

“நாளைக்குக் காலையில மத்தவங்களோட வந்துடு, சுப்பராயா.”

“மத்தவங்க கூடவேவா, மேஸ்திரி?” என்றான் அவன்.