கடித்துக்கொள்ளக் கருப்பட்டி

மேசைமேலிருந்த பிளாஸ்டிக் கருப்பையைப் பேனாவால் தட்டித் தட்டி டாக்டரம்மா விளக்கினார். “ஆம்பளைங்களுக்கு விந்தணு தினமும் புதுசு புதுசா உருவாகும். பொம்பளைங்களுக்கு அப்படி இல்லை. தன் அம்மா வயித்துல நாலஞ்சு மாசக் கருவா இருக்கும்போதே ஆயுசுக்கான முட்டையெல்லாம் உருவாகிடும். அப்புறம் ஒண்ணுகூடப் புதுசா வராது. உங்க பொண்ணு தவமணிக்கு அந்த இருப்பே ரொம்பக் கம்மி.” தன்மேல் குறையில்லை என்று தீர்ந்துவிட்ட நிம்மதியில் மாப்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டார். பேச்சியம்மாள் மட்டும் ‘நாலஞ்சு மாச’த்திலேயே நின்றுவிட்டாள். மூன்றாவதும் பெண்தான் என்று குறிகாரி சொன்ன நாலாம் மாதத்தில், கருவைக் கலைக்க அவளே கேட்டு வாங்கி, கசப்பு தாங்காமல் கருப்பட்டியைக் கடித்துக் கடித்துக் குடித்த கஷாயம். யாரும் வற்புறுத்தவில்லை. பிள்ளை பிடித்த பிடியை விடாமல் பிறந்தது. தவமிருந்து பெற்றதாக ஊருக்குச் சொல்லிப் பெயரும் வைத்தாள்.

வெளியே வந்ததும் தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். “ஏம்மா, நான் வயித்துல கெடக்கையில நீ ஒழுங்காத் திங்கலையோ?”

“தின்னேன்டி. கருப்பட்டியாத் தின்னேன்.”

“அதான் எனக்கு இனிப்புன்னா உசுரு போல” என்று மகள் அம்மாவின் தோளில் சாய்ந்தாள். பேச்சியம்மாளின் வாயெல்லாம் எச்சில் கசந்து ஊறியது. பளபளவென்று துடைத்துவைத்த அந்த ஆஸ்பத்திரித் தரையில் துப்ப இடமில்லாமல் விழுங்கினாள்.