இடித்த சிவப்புக் கார்

பின்னால் வந்த சிவப்புக் கார், அஷ்வினியின் காரை 'டொம்' என்று இடித்தது.

"பார்த்தீங்களா? வேணும்னே இடிக்கிறா!"

கயிற்றைத் தாண்டிப் பாயப் போன மதனை, பக்கத்தில் நின்றவர்கள் இழுத்துப் பிடித்தார்கள்.

கர்நாடகாவில், ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில் ஒரு மண் மைதானம். பெண்களுக்கான கார் ரேஸ். தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போகிற காரையே கொண்டுவந்து ஓட்டலாம். மதனின் மனைவி அஷ்வினிக்கு இதுதான் முதல் ரேஸ்.

கடைசிச் சுற்று. ஒரே புழுதி. இடி வாங்கிக்கொண்டே அஷ்வினியின் கார் முடிவுக் கோட்டைத் தாண்டியது. மூன்றாவது இடம்! ஒட்டினாற்போல் சிவப்புக் கார்.

மைக்கில் அறிவித்தார்கள். "முன்னால் போன வண்டியை இடித்த சுசித்ரா போட்டியிலிருந்து நீக்கப்படுகிறார்."

"நல்லா வேணும்!" என்றான் மதன்.

ஆனாலும் ஏதோ உறுத்தியது.

அமெரிக்காவில் நடக்கிற கார் ரேஸ்களை வருஷக்கணக்காக டிவியில் பார்க்கிறவன் அவன். "சுத்திச் சுத்திப் புறப்பட்ட இடத்துக்கே வர்றதுக்கு எதுக்கு மாப்ளே இவ்வளவு வேகம்?" என்று மாமனார் கேட்டால் ஒரு மணி நேரம் விளக்குவான். அந்த ரேஸில் அவனுக்குப் புரியாத புதிரே கிடையாது.

இது மட்டும் புரியவில்லை. வலது பக்கம் அவ்வளவு இடம் காலியாகக் கிடந்ததே! சுலபமாக முந்தியிருக்கலாம். எதற்காக இடித்தாள்?

நேரே சுசித்ராவிடம் போய்க் கன்னடத்திலேயே கேட்டுவிட்டான்.

"ஏன் மேடம், ஒரு பொண்ணு முதல் தடவையா ஓட்டுறா. அவளைப் போய் இடிக்கிறீங்களே, மனசாட்சி இல்லையா?"

ஹெல்மெட்டைக் கழற்றிய சுசித்ராவுக்கு நாற்பது வயதிருக்கும்.

"தப்புதான் சார். கை தவறிடுச்சு."

"தவறிடுச்சா? பெரிய அடியா பட்டிருந்தா?"

அவள் ஹெல்மெட்டின் புழுதியைத் தட்டினாள்.

அப்போது அஷ்வினி ஓடிவந்தாள். முகமெல்லாம் மண். கையில் மூன்றாம் பரிசுக் கோப்பையைக் காணோம். வந்தவள் சுசித்ராவை அப்படியே கட்டிக்கொண்டாள்.

"அக்கா, ஜட்ஜுகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். மூணாவது இடம் உங்களுக்குத்தான். போய்க் கப்பை வாங்குங்க!"

"என்ன உண்மை?" மதன் விழித்தான்.

"கோட்டுக்குப் பக்கத்துல வந்ததும் என் வண்டி நின்னுபோச்சு. கையை ஆட்டினேன். அக்கா என்னைத் தாண்டிப் போயிருக்கலாம். போகாம, பின்னாலிருந்து தள்ளிக்கிட்டே கொண்டுவந்து சேர்த்தாங்க."

மதன் சுசித்ராவைப் பார்த்தான். "அப்புறம் ஏன் மேடம் இடிச்சேன்னு ஒத்துக்கிட்டீங்க?"

"தள்ளினேன்னு சொன்னா, இவ ஓட்டினதே செல்லாதுன்னுடுவாங்க சார். முதல் ரேஸ். கோட்டைத் தாண்டினோம்ங்கிற சந்தோஷத்தோட வீட்டுக்குப் போகட்டுமேன்னுதான்."

மதனுக்குக் குரல் இறங்கிவிட்டது. "மன்னிச்சுடுங்க மேடம். யோசிக்காம பேசிட்டேன்."

"பரவாயில்ல சார். மனைவி மேல உள்ள பாசம்தானே!"

கொஞ்சம் தைரியம் வந்து அஷ்வினி பக்கம் திரும்பினான்.

"சரி, நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி எப்படி நின்னுச்சு? நீ என்ன பண்ணினே?"

அஷ்வினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பெட்ரோல் தீர்ந்துபோச்சு. 'டேங்க் நிறைஞ்சா வண்டி கனக்கும், கொஞ்சமா போட்டாப் போதும், எனக்குத் தெரியாத ரேஸா'ன்னு காலையில பங்க்ல சொன்னது யாருங்க?"